உறுமி நிற்கும் மோட்டார்

வீட்டுப் பட்டறைக்கென்று விற்கப்படும் கம்ப்ரஸர்களைப் பரிசீலிப்போர் பெரும்பாலும் தொட்டியின் கொள்ளளவையும் நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் காற்று என்ற கணக்கையும் எழுதி நிறுத்திக்கொள்கிறார்கள். நானோ, மோட்டார் புறப்படாமல் உறுமிக்கொண்டு நிற்கும் நாளில், எந்த உறுப்பை எவ்வளவு சுலபமாகத் திறந்து பார்க்க இடங்கொடுக்கிறது என்பதைக் கொண்டே இத்தகைய யந்திரத்தை மதிப்பிட விரும்புகிறேன்.

என்னிடம் இருப்பது 2 குதிரைத் திறனும் 50 லிட்டர் தொட்டியும் கொண்டு, பெல்ட்டினால் ஓடும் சிங்கிள் பேஸ் கம்ப்ரஸர். அழுத்தம் 8 கிலோவை எட்டியதும் நின்று, 6 கிலோவுக்கு இறங்கியதும் தானே புறப்படவேண்டியது அதன் தர்மம். காலியான தொட்டியோடு எப்போதும் ஒழுங்காகப் புறப்படுகிற அது, மாலை வேளைகளில் மட்டும், பாதி நிறைந்த தொட்டியோடு மறுபடி கிளம்ப மறுத்து, உறுமி, ஓவர்லோடு விழுந்து அடங்கிப்போகத் தலைப்பட்டது. இதைக் கேட்ட மாத்திரத்தில், "காயில் போய்விட்டது, ரிவைண்டிங்குக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று தீர்ப்புச் சொல்லாதவர்கள் நம்மில் அபூர்வம்.

சிங்கிள் பேஸ் மின்சாரத்துக்கு, நின்றுகொண்டிருக்கும் ரோட்டரை இன்ன திசையில் சுற்று என்று தள்ளும் சக்தி இயல்பாகவே இல்லை. எதிரெதிராகச் சுழலும் இரண்டு சமபலமான காந்தப் புலங்கள் ஒன்றையொன்று ரத்துச் செய்துகொள்வதற்கு ஒப்பான நிலை அது. ஆகவே துணைச் சுற்றும் கெபாசிட்டரும் சேர்ந்து முதல் உந்துதலைக் கொடுக்க, வேகம் ஏறத்தாழ முக்கால் பங்கை எட்டியதும் சென்ட்ரிபியூகல் சுவிட்ச் அவற்றைச் சுற்றிலிருந்து விலக்கிவிடுகிறது. வெறும் உறுமலென்றால், அந்த உந்துதல் கிடைக்கவில்லை, அல்லது கிடைத்தும் பளுவுக்குப் போதவில்லை என்றே பொருள்.

இரண்டில் எது என்பதை அறிய, பிளக்கைப் பிடுங்கிப் பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டிப் பார்ப்பதைவிட நல்ல பரீட்சை இல்லை. அப்போதும் உறுமினால் கெபாசிட்டரையும் சுவிட்சின் கரிந்த முனைகளையும் சந்தேகிக்கலாம். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் கெபாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்குமாதலால், ஒரு குண்டு பல்பின் வழியே அதை வெளியேற்றாமல் கைவைப்பது அபாயம். இந்த யந்திரத்தில் கெபாசிட்டர் மோட்டாரின் முதுகிலேயே ஒரு சிறு மூடிக்குள் இருக்கிறது. இரண்டு திருகுகளைக் கழற்றினால் போதும். மல்டிமீட்டர் காட்டிய அளவும் மேலே அச்சிட்ட அளவும் ஒத்திருந்தன. பெல்ட்டில்லாமல் மோட்டாரும் சுகமாகவே ஓடிற்று.

எனவே குற்றம் பளுவின் பக்கத்தில். நல்ல கம்ப்ரஸர் நிற்கும்போது பிரஷர் சுவிட்சின் அடியிலுள்ள அன்லோடர் வால்வு "புஸ்" என்று ஒரு சிறு மூச்சு விட்டு, பிஸ்டன் தலைமேல் தேங்கிய காற்றை வெளியேற்றவேண்டும். அந்தச் சத்தம் ஓயாமல் தொடர்ந்தால் தொட்டியின் நான்-ரிட்டர்ன் வால்வு கசிகிறதென்று அறியலாம். இங்கோ சத்தமே இல்லை. அழுக்கேறி ஒட்டிக்கொண்ட வால்வினால் மோட்டார் ஒவ்வொரு முறையும் எதிரழுத்தத்தோடு மல்லுக்கட்டியே புறப்பட நேர்ந்தது. பகலில் எப்படியோ சமாளித்தது. மாலையில் மின்னழுத்தம் தாழ்ந்ததும் தோற்றது. புறப்படும் முறுக்கு விசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால், 230 வோல்ட் 184 ஆகும்போது விசை 64 சதவீதமாகச் சுருங்கிவிடுகிறதல்லவா? வால்வைச் சுத்தம் செய்ததோடு காரியம் முடிந்தது. காயிலை யாரும் தொடவில்லை.

உறுப்புகளை அமைத்த விதத்தில் இந்தக் கம்ப்ரஸருக்குத் தாராளமாக நல்ல மதிப்பெண் தரலாம். குறை சொல்லவேண்டுமானால் அதனோடு வரும் மெல்லிய வயரைச் சொல்வேன். புறப்படும் கணத்தில் ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும் மோட்டாருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயராவது போடுவது நலம். தூரத்தில் வேலை இருந்தால் எக்ஸ்டென்ஷன் வயரை நீட்டாமல், யந்திரத்தைப் பிளக்கின் அருகிலேயே வைத்துக் காற்றுக் குழாயை நீட்டிக்கொள்ளலாம்.