கிட்டே போனால் காணாமல் போகும் சரிகை

லண்டன் நேஷனல் கேலரியில் ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப் ஆளுயரத்துக்கு நிற்கிறார். 1631-32 வாக்கில் டியேகோ வெலாஸ்கெஸ் தீட்டிய ஓவியம். பழுப்பு உடை முழுக்க வெள்ளிச் சரிகை வேலைப்பாடு. சற்றுத் தள்ளி நின்றால் இழை இழையாக மின்னுகிறது. கிட்டே போனால் சரிகையே இல்லை! குழைத்து அப்பிய வெள்ளைத் திட்டுகள், சாம்பல் தீற்றல்கள், அவசரமாக இழுத்துவிட்ட சில கோடுகள், அவ்வளவுதான். முகத்தில் மட்டும் இந்த விளையாட்டு கிடையாது; அங்கே தூரிகைத் தடமே தெரியாதபடி இழைத்திருக்கிறார். ராஜா முகத்தில் கைவைக்க யாருக்குத் துணிச்சல் வரும்? ஆனாலும் ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் நீண்ட தாடையை மறைக்கவில்லை.

கழுத்தில் எளிய, விறைப்பான பட்டை. மடிப்பு மடிப்பாக உப்பி நின்ற பழைய ஆடம்பரக் கழுத்துப்பட்டைக்கு, செலவைக் குறைக்க 1623இல் பிலிப்பே தடை போட்டிருந்தார். சிக்கனம் கழுத்தோடு நின்றுவிட்டது போலும்.

தலையில் கிரீடமில்லை, கையில் செங்கோலில்லை. வலக்கையில் ஒரு தாள். மன்னருக்கு எழுதிய மனுபோல அதில் ஓவியரின் பெயர். அபூர்வமாகவே கையெழுத்திடும் வெலாஸ்கெஸ், இங்கே அதை மன்னர் கையிலேயே கொடுத்துவிட்டார்.