தேய வேண்டிய பட்டை: சிறு படகுகளின் உரசல் காப்பு குறித்த ஒரு மதிப்பீடு

சிறு படகின் மேல்விளிம்பை ஒட்டி, உடல் மிக அகன்றிருக்கும் மட்டத்தில், அணியத்திலிருந்து பின்புறம் வரை புடைத்து ஓடும் பட்டை உரசல் பட்டை எனப்படும். துறைமேடையின் தூணோ பக்கத்துப் படகோ மோதும்போது அடியை முதலில் வாங்குவதும், அதை ஓரிடத்தில் குவியவிடாமல் நீளவாக்கில் பரப்புவதும், உடலுக்குப் பதிலாகத் தான் தேய்வதும் அதன் பணிகள். ஆனால் நடைமுறையில் இப்பட்டை அலங்காரக் கரையாகவே பெரிதும் கருதப்படுகிறது. நிறமும் பளபளப்பும் முதலில் பார்க்கப்பட, எதனால் பிணைப்பது, தேய்ந்தபின் எப்படிக் கழற்றுவது என்ற கேள்விகள் கடைசிக்குத் தள்ளப்படுகின்றன. பட்டைகளில் காணப்படும் குறைகள் பலவும் இந்த வரிசைப் பிழையிலிருந்தே பிறக்கின்றன.

சோழமண்டலக் கடற்கரையின் பழைய கலங்களுக்கு இப்படியொரு தனிக்காப்பு பெரிதாகத் தேவைப்படவில்லை. கட்டுமரம் கயிற்றால் பிணைத்த மரத்தண்டுகளின் தொகுப்பாதலால், சேதமடைந்த தண்டை மட்டும் அவிழ்த்து மாற்ற முடிந்தது. பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகு, கரையலையின் அடியை வளைந்து கொடுத்தே தாங்கியது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இக்கரையில் பெருகிய ஃபைபர் படகோ ஒரே வார்ப்பான ஓடு. அதன் மேற்பூச்சான ஜெல்கோட் கீறலுற்றால் உள்ளிருக்கும் கண்ணாடியிழை வெளிப்பட்டு நீரை ஏற்கத் தொடங்கும். அடிபட்ட பகுதியை மட்டும் கழற்றி மாற்றும் வசதி இவ்வோட்டில் இல்லாததால், அந்த வசதியைத் தரும் பொறுப்பு உரசல் பட்டையின்மேல் விழுகிறது.

பட்டைக்கான பொருள்களுள் மரம் மூத்தது. தேக்கு போன்ற உறுதியான மரம் அடியை ஓரளவு உள்வாங்கும்; விளிம்பிற்கு விறைப்பூட்டும்; சேதமுற்ற துண்டை வெட்டியெடுத்து, தடிப்பைப்போல் எட்டு மடங்கு நீளமுள்ள சாய்வு இணைப்பால் புதுத்துண்டைச் சேர்க்கவும் இடமளிக்கும். அணியத்தின் வளைவுக்கேற்ப மரத்தை வளைக்க, 2.5 சென்டிமீட்டர் தடிப்புக்கு ஒரு மணிநேரம் என்ற கணக்கில் நீராவியில் வேகவைப்பது மரபு. உப்புநீரைவிட மழைநீரே மரத்தை விரைவில் உளுக்கச் செய்வதால், திருகாணித் துளைகள் காப்பின்றி விடப்பட்ட இடங்களில் அழுகல் உள்ளிருந்து தொடங்குவது இதன் பெரும் குறை.

உலோகப் பட்டை தேய்மானத்தை நன்கு தாங்கினாலும் அதிர்ச்சியை உள்வாங்காமல் உடலுக்கே கடத்திவிடும். சாதாரணப் பித்தளையிலிருந்து கடல்நீர் துத்தநாகத்தைக் கரைத்தெடுத்து அதை நொறுங்கச் செய்யும். துருப்பிடிக்காத எஃகில் 304 வகையைவிட மாலிப்டினம் கலந்த 316 வகை உப்பை நன்றாக எதிர்க்கும். எனினும் பட்டைக்கு அடியில் தேங்கும் நீரில் உயிர்வளி குறைய, அங்கே அதன் காப்புப் படலம் புதுப்பிக்கப்படாமல் 316 வகையும் அரிப்புக்கு உள்ளாகும்.

விறைப்பான பிவிசி அடிப்பட்டையும் அதன் பள்ளத்தில் செருகும் மென்மையான உட்பட்டையும் கொண்ட அமைப்பு இன்று பரவலாக உள்ளது. விலை, எடை, அதிர்ச்சி தாங்கும் தன்மை ஆகிய மூன்றிலும் இது பாராட்டத்தக்கது. பிவிசி வெப்பத்தில் மிகுதியாக விரிவது மட்டும் அடிக்கடி மறக்கப்படுகிறது: 6 மீட்டர் நீளமுள்ள பட்டை 30 டிகிரி செல்சியஸ் வேறுபாட்டில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளும், கண்ணாடியிழை உடல் அதில் பாதி அளவுதான் நீளும். துளைகளைச் சற்றே நீளமாக்கி இந்த அசைவுக்கு இடம் தராவிட்டால் வெயிலில் பட்டை நெளியும். அதுபோலவே, உட்பட்டையை இழுத்து நீட்டிச் செருகினால் அது பின்னர் சுருங்கி முனையில் இடைவெளி விடும். வெந்நீரில் இளக்கி, இழுக்காமல் அழுத்திச் செருகுவதே முறை.

பொருத்துதலில்தான் மிகப்பெரிய பிழைகள் நேர்கின்றன. மேல்தளமுள்ள படகுகள் பலவற்றில் உடலும் தளமும் கூடும் இணைப்பை மூடுவது இப்பட்டையே. அதற்காக 15 முதல் 20 சென்டிமீட்டருக்கு ஒன்றாக இடப்படும் ஒவ்வொரு துளையும் நீர் புகக்கூடிய வாசல். ஓட்டின் நடுவே பால்சா மரம் இருந்தால், துளையைப் பெரிதாக்கி எபாக்சியால் நிரப்பி, அது இறுகியபின் மீண்டும் துளையிட வேண்டும். இல்லையேல் உள்மரம் நனைந்து மக்கும். கை எட்டும் இடங்களில் வெறும் திருகாணியைவிட, உட்புறம் அகன்ற வாஷரும் நட்டும் இட்ட போல்ட்டே பளுவைப் பரப்பும். அடைப்புப் பசையிலும் இதே கவனம் தேவை. பாலிசல்ஃபைடு வகை பிவிசியைத் தாக்கும். சிலிக்கான் விட்டுச்செல்லும் படலம் பின்னர் எந்தப் பூச்சையும் ஒட்டவிடாது. வலுமிக்க பாலியூரித்தேன் பசையில் ஒட்டிய பட்டையைக் கழற்ற முயன்றால் ஜெல்கோட்டும் சேர்ந்து பெயரக்கூடும். நிரந்தரமாக ஒட்டுவது உறுதியின் அடையாளமாகத் தோன்றினாலும், தேய்ந்து மாற வேண்டிய உறுப்பை மாற்ற முடியாததாக்குவதால் அது பட்டையின் நோக்கத்தையே முறியடிக்கிறது.

தமிழகத்தின் மீன்பிடித் துறைமுகங்களில் படகுகளின் பக்கங்களில் பழைய டயர்கள் தொங்குவது பழகிய காட்சி. டயர் தொங்கும் இடத்தை மட்டுமே காக்கும்; அதில் சிக்கும் மணல் உடலைத் தேய்க்கும்; கறுப்புக் கறையும் படியும். ஆயினும் கயிற்றை அறுத்தால் கழன்றுவிடும் அந்த எளிமை, விலையுயர்ந்த பட்டைகள் பலவற்றில் இல்லாத சிறப்பு. இடைவெளியின்றிக் காப்பது பட்டையின் வலிமை. எளிதில் மாற்றத்தக்கது டயரின் வலிமை.

இவ்விரண்டையும் இணைப்பது தாங்கும் அடுக்கையும் தேயும் அடுக்கையும் பிரித்து அமைக்கும் முறையே. உடலோடு போல்ட்டால் பிணைத்த மர அடிக்கட்டையின்மேல் கழற்றத்தக்க உலோகப் பட்டை, அல்லது விறைப்பான அடிப்பட்டையில் மென்மையான உட்பட்டை என்ற அமைப்பில், ஆண்டுகள் கழித்து மாறுவது வெளியடுக்கு மட்டுமே. ஓட்டில் புதுத்துளை விழாது. பட்டையின் மேல்விளிம்பைச் சாய்வாகச் செதுக்கினால், நீர்மட்டம் ஏறும்போது அது துறைமேடையின் அடியில் சிக்குவதும் தவிரும். ஆகவே படகுடையோர் கடையில் முதலில் கேட்க வேண்டியது பட்டையின் நிறமோ விலையோ அன்று. தேய்ந்தபின் ஓட்டுக்குச் சேதமின்றி அதை எவ்வாறு கழற்றுவது என்பதே.