ஆறு, நாலு, ஒன்று

ஸ்கூல் சயின்ஸ் எக்ஸிபிஷனுக்கு ஒருமுறையாவது போயிருப்பீர்கள். வினிகர் ஊற்றினால் பொங்கும் எரிமலை ஒரு மேஜையில். அடுத்ததில் மழைநீர் சேகரிப்பு, தெர்மோகோலில். பிள்ளை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். நடுவில் ஒரு கேள்வி கேட்டுத் தொலைத்தீர்களோ, மறுபடி ‘குட்மார்னிங் சார்’ என்று முதலிலிருந்து ஆரம்பிக்கும். அட்டையில் ஒரு பெயர் எழுதியிருக்கும். கைவேலை யாருடையது என்று மட்டும் கேட்கக் கூடாது. அது நாகரிகமில்லை!

அந்த நாகரிகமில்லாத கேள்வியை மனசில் வைத்துக்கொண்டு ‘அக்டோபர் ஸ்கை’ படத்தைப் பாருங்கள். ஏற்கெனவே பார்த்தவர்கள் இன்னொரு முறை பார்க்கலாம், தப்பில்லை. 1999-ல் ஜோ ஜான்ஸ்டன் இயக்கியது. மூலம், ஹோமர் ஹிக்கம் தன் சொந்தக் கதையாக எழுதி 1998-ல் வந்த ‘ராக்கெட் பாய்ஸ்’. (அந்தத் தலைப்பின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்துப் போட்டு அடுக்கினால் ‘அக்டோபர் ஸ்கை’ வந்துவிடும். பேனா இருந்தால் சரிபாருங்கள். ஹோமி பாபா, விக்ரம் சாராபாய் பற்றி 2022-ல் இதே பெயரில் வந்த இந்தித் தொடர் வேறு சமாசாரம்.)

கோல்வுட் என்று ஒரு ஊர். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், நிலக்கரிச் சுரங்கத்தை நம்பிப் பிழைக்கிற ஊர். 1957 அக்டோபரில் ரஷ்யாக்காரன் ஸ்புட்னிக்கை ஏவுகிறான். வானத்தில் அது நகர்வதை அண்ணாந்து பார்த்த சுரங்க அதிகாரியின் மகன், தானும் ராக்கெட் விடப்போகிறேன் என்கிறான். முதல் முயற்சியில் அம்மாவின் தோட்டத்து வேலி போகிறது. அடுத்தடுத்தவை தரையில் ஓடுகின்றன, வெடிக்கின்றன, திரும்பித் துரத்துகின்றன. நிஜத்திலும் பையன்கள் தங்கள் ராக்கெட்டுகளுக்கு வைத்த பெயர் ‘ஆக்’. பறக்கத் தெரியாமல் அழிந்துபோன ஒரு பறவை அது. குசும்பைப் பாருங்கள்!

படத்தின் முதல் பாதியை நான் இதற்காகவே மதிக்கிறேன். எக்ஸிபிஷன் மேஜையில் நாம் பார்ப்பது கடைசியில் வேலை செய்த ஒன்றை மட்டும்தான். அதற்கு முன் பாழாய்ப்போன முப்பதுக்கு மேஜையில் இடமில்லை. ஜான்ஸ்டன் அந்த முப்பதைப் படம் பிடித்தார்.

அப்புறம் அந்தக் காட்டுத் தீ காட்சி. தீ வைத்தது உங்கள் ராக்கெட்தான் என்று போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது. ஹோமர் கணக்குப் போடுகிறான். உச்சியிலிருந்து கீழே விழ 14 விநாடி, அப்படியானால் எவ்வளவு உயரம் போயிருக்கும்? பி.காம். படித்த நானே கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன். 14-ஐ 14-ஆல் பெருக்கி, 32-ஆல் பெருக்கி, பாதியாக்கினால் 3,136 அடி. அதை வைத்து ராக்கெட் எங்கே விழுந்திருக்கும் என்று தேடிப்போய் எடுத்து வருகிறார்கள். தீ அதனால் வரவில்லை. பரீட்சைக்குப் படித்த சூத்திரம் ஒருவனைப் பழியிலிருந்து காப்பாற்றுகிறது. இதைவிடவா சினிமா வேண்டும்?

இனி என் புகார்.

நிஜத்தில் பையன்கள் ஆறு பேர். படத்தில் நாலு. ஆறு முகத்தை இரண்டு மணி நேரத்தில் ரசிகனுக்குப் பழக்குவது கஷ்டம், போகட்டும். இண்டியானாபோலிஸில் நடக்கும் தேசிய அறிவியல் கண்காட்சிக்கு ஒருவன்தான் போகலாம் என்கிறார்கள். ஹோமர் போகிறான், கேமராவும் அவனோடு கிளம்பிவிடுகிறது. ஊரில் நிற்கிறவர்களில் ஒருவன் க்வென்டின். ஏழை வீட்டுப் பையன். வகுப்பில் யாரும் சேர்த்துக்கொள்ளாதவன். ராக்கெட் பற்றி அவனுக்குத்தான் தெரியும் என்பதாலேயே ஹோமர் வலியப் போய், மற்றவர்கள் கேலி பேசப் பேச, அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். அந்த மூளை ஊரிலேயே தங்குவது எவ்வளவு பெரிய விஷயம்! படம் அதை ஒரு குறையாகவே நினைக்கவில்லை. ஜெயிக்கிற ஒருத்தனைத் தேடும் கண்காட்சியின் புத்தி இயக்குநருக்கும் தொற்றிக்கொண்டது.

இன்னொருவர் பைகோவ்ஸ்கி. சுரங்கப் பட்டறையில் வெல்டிங் செய்து கொடுத்தவர். அதற்குத் தண்டனையாகச் சுரங்கத்துக்குள் அனுப்பப்பட்டு, விபத்தில் சாகிறார். கண்காட்சியில் வைத்த நாசில் திருட்டுப் போனதும் வேறொன்று செய்து அனுப்புகிறவர்களும் பட்டறைக்காரர்கள்தான். ராக்கெட் புத்தகம் வாங்கிக் கொடுத்த டீச்சர் மிஸ் ரைலியோ புற்றுநோயோடு ஆஸ்பத்திரியில். (நிஜத்தில் அவர் இறந்தது 1969-ல், 31 வயதில்.) இத்தனை பேரையும் படம் காட்டுகிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால், மெடல் வாங்கும் நேரத்தில் அவர்கள் எல்லாரும் பின்னணி இசையாகிவிடுகிறார்கள்.

அப்பாவுக்காகப் படிப்பை விட்டுவிட்டு ஹோமர் சுரங்கத்தில் இறங்குவதும் சினிமாவுக்காகச் சேர்த்ததே. நிஜ ஹோமர் பள்ளியை விடவில்லை. இந்த உப்பு, காரம் இல்லாமலே கதை நிற்கும். அப்பாவாக வரும் கிறிஸ் கூப்பரின் முகம் ஒன்று போதும். மகன் ஜெயிப்பதில் சந்தோஷமும் அவமானமும் ஒரே நேரத்தில் அதில் ஓடுகிறது.

கண்காட்சிக்காரர்களும் பிறகு கொஞ்சம் இறங்கிவந்தார்கள். 1960-ல் ஹிக்கம் மெடல் வாங்கிய அந்தப் போட்டி இன்று சர்வதேசப் போட்டி. குழுவாகவும் கலந்துகொள்ளலாம், மூன்று பேர் வரை. கோல்வுட் பையன்கள் இன்று போனாலும் மூன்று பேர் வெளியேதான் நிற்க வேண்டும்!

ஹிக்கம் பிறகு நாசாவில் சேர்ந்து விண்வெளி வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர்களில் ஒருவர் ஜப்பானியரான டகாவோ டோய். 1997-ல் கொலம்பியா ஓடத்தில் போனபோது ஹிக்கமின் கண்காட்சி மெடலைக் கையோடு எடுத்துப்போனார். கல்பனா சாவ்லாவின் முதல் பயணமும் அதுதான். மெடலோடு இன்னொன்றும் போனது. 1960-ல் அவர்கள் விட்ட ராக்கெட்டின் நாசிலில் ஒரு துண்டு, கோல்வுட் பட்டறையில் கடைந்தது.