அணைய மறுக்கும் கணிப்பொறி

கணிப்பொறியை இயக்குவதற்குத்தான் அறிவு வேண்டும், நிறுத்துவதற்கு ஒரு பொத்தான் போதும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் ஆய்வுக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் யூனிக்ஸ், லினக்ஸ் கணிப்பொறிகளைக் கையாள்வோர் வேறொரு காட்சியைக் கண்டிருப்பார்கள். நிறுத்தும்படி ஆணையிட்டாயிற்று, திரையும் கருத்துவிட்டது, பொறி மட்டும் அணையவில்லை. பத்து நிமிடம் பார்த்துவிட்டுப் பொறுமையிழந்து மின்சாரத்தைத் துண்டித்துவிடுகிறோம். இதற்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்று, வேறொரு கணிப்பொறியில் இருக்கும் கோப்பு! அது எவ்வாறு நம் பொறியைக் கட்டிப் போடுகிறது என்பதைப் பார்ப்போம்.

தொலைவை மறைத்த முறை

அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-ல் என்.எஃப்.எஸ். என்னும் முறையை உருவாக்கியது. ஒரு கணிப்பொறியிலுள்ள கோப்புகளைப் பல கணிப்பொறிகள் வலையமைப்பு வழியே பகிர்ந்துகொள்ள இது உதவுகிறது. கோப்புகளை வைத்திருப்பது சர்வர். கேட்டுப் பெறுவது கிளையண்ட். சர்வரின் கோப்புகள் உங்கள் சொந்த வட்டில் இருப்பவை போலவே தோன்றும். பழைய புரோகிராம்களில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

இன்னொரு சிறப்பும் உண்டு. தொடக்கப் பதிப்புகளில், எந்தக் கிளையண்ட் எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது என்று சர்வர் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஆகவே சர்வர் பழுதாகி நின்று மீண்டும் இயங்கினாலும், கிளையண்ட் அதே வேண்டுகோளைத் திரும்ப அனுப்பினால் போதும், வேலை தொடரும். இது பாராட்டத்தக்க சிந்தனை.

ஆனால் சர்வர் திரும்பி வராமலே போனால் என்ன ஆகும்? இங்குதான் குறை தெரிகிறது. ஹார்டு மவுண்ட் என்னும் இணைப்பில், கிளையண்ட் சலிக்காமல் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் கோப்பை நாடிய புரோகிராமும் கெர்னலுக்குள் உறங்கிக் கிடக்கும். பழைய லினக்ஸ் பதிப்புகளில் அதை எழுப்பவோ கொல்லவோ முடியாமல் போவது வழக்கம்.

தபால்காரரை அனுப்பிவிட்டு...

நிறுத்தும் வேளையில் நடப்பதைக் கவனியுங்கள். கணிப்பொறி, புரோகிராம்களை முடிக்க வேண்டும்; நினைவகத்திலுள்ள தகவல்களைக் கோப்புகளில் எழுத வேண்டும்; கோப்பு இணைப்புகளை விடுவிக்க வேண்டும்; பிறகே வலையமைப்பை நிறுத்த வேண்டும். இந்த வரிசை குலைந்து வலையமைப்பு முதலில் நின்றுவிட்டால்? பதிவுத் தபாலை அனுப்பிவிட்டு, தபால்காரரையும் வேலையை விட்டு நிறுத்திவிட்டு, ஒப்புகை அட்டைக்காக வாசலில் காத்திருப்பவரின் நிலைதான்!

வரிசை சரியாக இருந்தாலும் தொல்லை முற்றும் தீராது. சர்வர் முன்பே அணைக்கப்பட்டிருக்கலாம்; மடிக்கணினியை வேறிடத்துக்கு எடுத்துச் சென்றிருக்கலாம். அப்போது வலையமைப்பு இருந்தும் பதில் வராது.

அப்படியானால் சில முறை கேட்டுவிட்டுக் கைவிடலாமே என்பீர்கள். அதுவே சாஃப்ட் மவுண்ட். குறித்த நேரத்துக்குப் பின் அது புரோகிராமுக்குப் பிழைச் செய்தி தரும். ஆனால் தன் வட்டில் எழுதுவதாகவே எண்ணும் புரோகிராம் அந்தச் செய்தியைப் பொருட்படுத்தாமல் போகலாம். கோப்பு பாதி எழுதப்பட்டும் பாதி எழுதப்படாமலும் கெட்டுப்போகும், பயனருக்கும் தெரியாது. முன்னதில் பொறி நிற்காது. பின்னதில் தகவல் நிற்காது.

1987-லேயே கணிப்பொறி அறிஞர் லெஸ்லி லாம்போர்ட் இந்நிலையைக் கேலியாகச் சுட்டினார்: நீங்கள் கேள்விப்பட்டிராத ஏதோ ஒரு பொறி கெட்டால் உங்கள் பொறி பயனற்றுப் போகும் என்பதே அவர் கருத்து. 1994-ல் சன் நிறுவனத்தின் ஆய்வாளர்களே, ஜிம் வால்டோவும் அவருடைய மூன்று துணைவர்களும், தொலைவிலுள்ள பொருளை அருகிலிருப்பது போல் நடத்துவது தவறு என்று கட்டுரை எழுதினர். அவர்கள் காட்டிய உதாரணங்களுள் தம் நிறுவனத்தின் என்.எஃப்.எஸ்.ஸும் ஒன்று. சொந்த வீட்டுக் குறையை வெளிப்படையாக ஆராய்ந்த அந்த நேர்மை போற்றத்தக்கது.

திருத்தங்கள் போதுமா?

2008-ல் வெளிவந்த லினக்ஸ் 2.6.25 பதிப்பு, சர்வருக்காகக் காத்திருக்கும் புரோகிராமைக் கொல்ல வழி செய்தது. 2010-ல் தோன்றிய சிஸ்டம்டி, நிறுத்தும் வரிசையை ஒழுங்குபடுத்தியது; முடியாத வேலைக்கு வழக்கமாக 90 வினாடி கெடு வைத்தது. இவை நல்ல முன்னேற்றங்களே. எனினும் கெர்னலுக்குள் சிக்கும் எல்லாக் காத்திருப்பும் இவற்றுக்குக் கட்டுப்படுவதில்லை. எதற்காகக் காத்திருக்கிறது என்னும் செய்தியையும் அழகுப் படம் போட்ட திரை மறைத்துவிடுவதுண்டு.

காத்திருப்பதை நாம் குறை கூறவில்லை. உங்கள் தகவலைக் காக்கவே பொறி காத்திருக்கிறது. மௌனமாகக் காத்திருப்பதே குறை. "இன்ன சர்வர் பதில் தரவில்லை, இன்ன கோப்பு இன்னும் எழுதப்படவில்லை, காத்திருக்கவா, விட்டுவிடவா?" என்று கேட்டால், முடிவு உங்கள் கையில் இருக்கும். கேட்காததால் மின்சாரத்தைப் பிடுங்குகிறோம். அப்போது சர்வருக்குப் போகாத தகவலோடு, சொந்த வட்டில் எழுதப்படாமல் நின்றதும் அழியக்கூடும். இன்றைய வட்டுகளில் உள்ள ஜர்னல் முறை கோப்பு அமைப்பைக் காக்குமேயன்றி, எழுதப்படாத தகவலை மீட்டுத் தராது.

மாணவர்களே, பகிர்வுக் கோப்புகளைப் பயன்படுத்தினால், வலையமைப்பைத் துண்டிக்கும் முன் அவற்றின் இணைப்பை விடுவித்துவிடுங்கள். நாளை நீங்களே புரோகிராம் எழுதும்போது, எழுதும் ஆணை நிறைவேறியதா என்று ஒவ்வொரு முறையும் சோதியுங்கள். தொலைவை மறைப்பது பயனருக்கு வசதி. பழுதை மறைப்பது அவருக்குச் செய்யும் தீங்கு. இந்த வேறுபாட்டை உணர்ந்தவரே நல்ல பொறியை வடிவமைக்க முடியும்.