தத்தன் சுமந்த பொறை

மன்னித்தலின் பெருமையை மாணவர்க்கு உணர்த்த விரும்பும் ஆசிரியர் பலரும் பெரிய புராணத்து மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றை எடுத்துக் கூறுவர். தம்மைக் குத்திய முத்தநாதனை ஊறின்றி ஊரெல்லைக்கு அப்பால் கொண்டுபோய் விடுமாறு காவலன் தத்தனைப் பணித்த திருக்கோவலூர் மன்னரினும் பொறுமையாளர் யாவர் என்பது அவர்தம் வினா. ஆயின், சேக்கிழார் அவ்வரலாற்றை அமைத்த முறையை நோக்கின், இக்கருத்து முழுதும் பொருந்துவதாக இல்லை.

போரிற் பலமுறை தோற்ற முத்தநாதன், திருநீறு பூசிச் சடைமுடித்து, ஏட்டுக் கட்டினுள் கத்தியை மறைத்து, ஆகமம் உரைப்பான்போல் அரண்மனை புகுந்தான். நாயனார் வணங்கும்போதே குத்தினான். வாளோடு பாய்ந்த தத்தனை அவர் தடுத்தது, குத்தியவன் திருந்துவான் என்று கருதியன்று. அவன் பூண்டது சிவனடியார் வேடம் என்பதனாலேயே. அவ்வேடத்தையே மெய்ப்பொருளாகக் கொண்டவர் அவர். குற்றத்தை எண்ணிப் பார்த்துப் பின் பொறுத்தார் என்று புலவர் கூறவில்லை.

தத்தன் நிலை வேறு. தன் அரசர் குருதியிற் கிடக்க, கொலைஞனுக்குத் துணையாய் நடந்தான். வெகுண்டு சூழ்ந்த நகரத்தாரை அரசாணை கூறி விலக்கினான். அச்செய்தி கேட்கவே உயிர் தாங்கிக் கிடந்த மன்னரிடம் மீண்டு வந்து உரைத்தான். அவன் நெஞ்சு முத்தநாதனை மன்னித்ததா? சேக்கிழார் சொல்லவில்லை, சொல்லாது விட்டதே சிறப்பு. பொறை என்னும் சொல்லுக்குச் சுமை என்றும் பொருளுண்டு. சினம் தணியாமலே கையை அடக்கிய தத்தன் சுமந்தது அச்சுமையையே.

திருக்குறளின் 16ஆம் அதிகாரத்தில் பொறையுடைமையைப் போற்றிய வள்ளுவர், 55ஆம் அதிகாரமாகிய செங்கோன்மையில், கொடியோரைக் கொலைத் தண்டத்தால் ஒறுத்தலைப் பயிருக்குக் களையெடுத்தலோடு ஒப்பிடுகிறார். இது முரண் அன்று. முன்னது தீங்குற்றவனுக்கு, பின்னது பிறரைக் காக்கும் அரசனுக்கு. மெய்ப்பொருளாரோ இரண்டும் ஆனவர். தம் உயிரை விட்டுக்கொடுக்க அவருக்கு உரிமையுண்டு; குடிகளைக் காக்கும் கடமை என்னாயிற்று? பத்தி நூலிடம் இவ்வினாவைத் தொடுத்தல் முறையன்று. ஆயினும், அதனை அறநூலாகப் பாடஞ் சொல்வோர் இதனைத் தவிர்த்தல் ஆகாது.

வகுப்பில் அடித்தவனையும் அடிபட்டவனையும் எதிரெதிரே நிறுத்தி, "மன்னித்தேன் என்று சொல்" என வற்புறுத்துகிறோம். மன்னிப்பு அடிபட்ட பிள்ளையின் உடைமை. அதை ஆசிரியர் வாங்கிக் கொடுத்தல் இயலாது. திருப்பி அடியாதே என்று பணிக்கலாம். தத்தனிடம் மன்னர் கேட்டதும் அவ்வளவே. அதற்கு மேற்பட்டது அப்பிள்ளையின் நெஞ்சு தானாகத் தரவேண்டியது.