மண் யாருக்கு அழகு?

எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தியின் புத்தகம் 1969இல் கெய்ரோவில் வந்தபோது தலைப்பில் ஊர்ப்பெயர் இருந்தது: 'கூர்னா, இரண்டு கிராமங்களின் கதை'. 1973இல் சிகாகோவில் வந்தபோது அது 'ஏழைகளுக்கான கட்டடக்கலை' ஆகிவிட்டது. கூர்னா மக்கள் போய், 'ஏழைகள்' வந்துவிட்டார்கள். மண் கட்டடம் பற்றிய உலகப் பேச்சில் இந்த ஆள்மாற்றம் தொடர்ந்து நடப்பதாகவே எனக்குப் படுகிறது.

லுக்சருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில், பழங்காலக் கல்லறைகள்மேல் குடியிருந்தவர்கள் கூர்னா மக்கள். அவர்களை அப்புறப்படுத்த நினைத்தது தொல்பொருள் துறை. புது ஊர் கட்டும் வேலையை ஃபாத்தி 1945இல் தொடங்கினார். மரச்சட்டம் முட்டுக் கொடுக்காமலே பச்சைச் செங்கல்லில் வளைவுக் கூரை எழுப்பும் நூபியக் கொத்தர்களின் வித்தையைக் கையில் எடுத்தார். தான் கண்டுபிடித்ததாக அவர் பீற்றிக்கொள்ளவில்லை. கொத்தர்களிடம் கற்றதாகவே எழுதுகிறார். அந்த நேர்மையை மதிக்கிறேன்.

ஆனால் மக்கள் வரவில்லை. 1948இல் வேலை நின்றது. அதிகாரிகளின் இழுத்தடிப்பு, கல்லறைப் பொருள் விற்றுப் பிழைத்தவர்களின் எதிர்ப்பு என்று ஃபாத்தி காரணம் சொல்கிறார். இருக்கட்டும். அப்புறப்படுத்தப்படுகிறவன் 'வரமாட்டேன்' என்று சொன்னால் அதுவும் ஒரு விமர்சனம்தானே? கூர்னாக்காரர் சொன்னதைக்கூட நாம் ஃபாத்தியின் வாய்வழியாகத்தான் கேட்கிறோம். 2006க்குப் பிறகு பழைய கூர்னா வீடுகளை அரசு புல்டோசர் வைத்து இடித்தது.

நான் சேரியில் மண்வீட்டில் பிறந்தவன். மண்ணை மிதிச்சுக் குழைச்சு, ஒரு படை வச்சு, காய்ஞ்சதும் அடுத்த படை வச்சு எங்கப்பா எழுப்பின செவுரு. வருசா வருசம் பொங்கலுக்கு எங்கம்மா செம்மண் பூசும். ஒரு ஐப்பசி அடமழையில ராத்திரியோட ராத்திரியா மேலச்செவுரு ஊறி விழுந்துச்சு. விடியற வரைக்கும் எங்க நாலு பேரையும் முந்தானைக்குள்ள போட்டுக்கிட்டு அம்மா நின்னுச்சு. மண்வீடு குளுகுளுன்னு இருக்கும் என்கிறார்கள். இருக்கும். அது விழுந்தா யார் மேல விழும்னும் எழுதணும்.

மாலி நாட்டு ஜென்னேயில் 1907இல் எழுப்பிய மண் மசூதிக்கு ஆண்டுதோறும் ஊரே கூடி மண் பூசுகிறது. அது அவர்கள் திருவிழா. அந்த ஊர் 1988இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அதன் பிறகு, குடியிருக்கிற வீட்டை இஷ்டப்படி மாற்ற முடியவில்லை என்று ஊர்க்காரர்கள் குறைபட்டிருக்கிறார்கள். வந்து பார்த்துப் போகிறவர் கண்ணுக்காக ஒருத்தர் ஒழுகுற வீட்டில் இருக்கணுமா?

புர்க்கினா ஃபாசோவின் காந்தோ கிராமத்தில் ஃபிரான்சிஸ் கேரே 2001இல் கட்டிமுடித்த பள்ளிக்கூடம் வேறு மாதிரி. அது அவர் சொந்த ஊர். மண் மழைக்கு நிக்குமா என்று ஊர் சந்தேகப்பட்டது. மண்ணில் கொஞ்சம் சிமெண்டு கலந்து கல் அறுத்தார்கள். தகரக் கூரையைத் தூக்கி, சுவருக்கு வெளியே நீட்டிவிட்டார்கள். ஊரின் சந்தேகத்துக்கு அந்தக் கட்டடத்திலேயே பதில் இருக்கிறது. 2022இல் கேரேவுக்குப் பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது.

நமக்கு மண் என்பது வெறும் கட்டுமானப் பொருள் இல்லை. 1930இல் இராமநாதபுரத்தில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடருக்குப் போட்ட எட்டுத் தடைகளில் ஒன்று: வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு புழங்கக்கூடாது. 1995இல் கொடியங்குளத்தில், வெளிநாடு போய் உழைத்த காசில் தலித்துகள் சேர்த்த வீட்டையும் பொருளையும் போலீஸ் புகுந்து நொறுக்கியது. மண்ணிலேயே கிட என்பது இங்கே உத்தரவு. உத்தரவு போட்டவனின் பேரன் இன்னைக்கு வந்து 'மண்தாம்பா அழகு' என்றால், எனக்குச் சிரிப்பு வராது.

மண்மேல் எனக்குக் கோபம் இல்லை. மண்வீடு வேணுமா வேணாமான்னு அதுக்குள்ள படுத்துத் தூங்குறவங்க முடிவு பண்ணட்டும். கட்டடக்கலை படிக்கிற தோழர்கள் ஃபாத்தியைக் கட்டாயம் படியுங்கள். பழைய தலைப்போடு படியுங்கள்.