வெல்லாதவருக்கும் ஒரு கோப்பை

2020 ஜனவரியில் ஸ்பெயினின் கால்பந்து சூப்பர் கோப்பையை ரியல் மாட்ரிட் வென்றது. அதற்கு முந்தைய பருவத்தில் அந்த அணிக்கு லீக்கில் மூன்றாம் இடம். அரசர் கோப்பையில் அரையிறுதியோடு சரி. லீக் சாம்பியனும் கோப்பை சாம்பியனும் மோதட்டும் என்று 1982-இல் தொடங்கிய போட்டியில், இரண்டையும் வெல்லாத அணி எப்படி நுழைந்தது? ஸ்பெயின் கால்பந்துக் கூட்டமைப்பு விதியை மாற்றியிருந்தது. லீக்கில் முதலிரண்டு, கோப்பை இறுதியாட்டம் ஆடிய இரண்டு, ஆக நான்கு அணிகள். பார்சிலோனா இரண்டு பட்டியலிலும் இருந்ததால் காலியான இடம் மாட்ரிட்டுக்குப் போயிற்று.

பழைய முறையும் குறையற்றதல்ல. 1984-இல் அத்லெடிக் பில்பாவோவும் 1989-இல் ரியல் மாட்ரிட்டும் இரட்டைப் பட்டம் வென்றதால், பந்தைத் தொடாமலே கோப்பை கைக்கு வந்தது. அப்போது ஆகஸ்டில் நடந்த ஆட்டங்கள் பெரும்பாலும் பயிற்சி ஆட்டம் போலவே இருக்கும். ஜனவரிக்கு மாற்றிய பிறகுதான் இதில் சூடு பிடித்தது. 2020 அரையிறுதியில் அத்லெடிகோ மாட்ரிட்டிடம் தோற்ற சில நாள்களில் பார்சிலோனா தன் பயிற்சியாளர் எர்னெஸ்டோ வால்வெர்டேயை நீக்கியது. பொழுதுபோக்கு ஆட்டத்துக்காக யாரும் பயிற்சியாளரை அனுப்புவதில்லை.

நான்கு அணி முறைக்கு நல்ல சாட்சி 2021. கொரோனாவால் போட்டி ஸ்பெயினிலேயே, அண்டலூசியாவில் நடந்தது. பாஸ்க் மண்ணோடு தொடர்புள்ள வீரர்களை மட்டுமே சேர்க்கும் பில்பாவோ, ரியல் மாட்ரிட்டையும் பார்சிலோனாவையும் அடுத்தடுத்து வீழ்த்தியது. வேடிக்கை என்னவென்றால், எந்த அரசர் கோப்பை இறுதியாட்டத்துக்குத் தகுதி பெற்றதால் அது உள்ளே வந்ததோ, அந்த ஆட்டம் தள்ளிப்போய் ஏப்ரலில்தான் நடந்தது. அதில் ரியல் சோசியதாதிடம் தோற்றது!

ஆக, கோளாறு அணிகளின் எண்ணிக்கையில் இல்லை, ஆட்டம் நடக்கும் இடத்தில் இருக்கிறது. போட்டியைத் தன் மண்ணில் நடத்த சவூதி அரேபியா தரும் பணம் அமெச்சூர் கால்பந்துக்கும் பெண்கள் கால்பந்துக்கும் உதவும் என்கிறது கூட்டமைப்பு. அந்தத் தேவை உண்மைதான். ஆனால் 2023, 2024, 2025 மூன்று ஆண்டும் இறுதியில் ரியல் மாட்ரிட்டும் பார்சிலோனாவும்தான். வாங்குபவருக்கு வேண்டியதும் இதுதான். நான்கு இடம் இருந்தால் இவ்விரண்டும் வெளியே நிற்பது அரிது. மயோர்க்கா போன்ற சிறிய அணியின் ரசிகரோ, தம் அணியின் அரிதான வாய்ப்பைப் பார்க்க சவூதியின் ஜெட்டாவுக்கு விமானம் ஏற வேண்டும். 2025-இல் அப்படிப் போன மயோர்க்கா வீரர்களின் குடும்பத்தினர், அரங்குக்கு வெளியே தொல்லைக்கு ஆளானதாகப் புகார் கூறினர்.

நான்கு அணிகள் இருக்கட்டும், ஜனவரியும் இருக்கட்டும். ஆட்டத்தை ஸ்பெயினுக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். வருமானம் குறைந்தாலும் பரவாயில்லை.